வார இறுதி லைவ்அபோர்ட், மூழ்கிய கப்பல் இரண்டு: 14 டைவ் மட்டும் போனவன் ஏறலாமா?

அரைமூச்சு

எல்லாருக்கும் வணக்கம். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் ஒரு லைவ்அபோர்ட் (படகிலேயே தங்கி ஸ்கூபா டைவிங் போகிற) பயணத்துக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு மாலைதான் இறக்கிவிடுவார்களாம், சாப்பாடு தூக்கம் எல்லாம் படகிலேயே. சனிக்கிழமை நான்கு டைவ், அதில் ஒன்று இரவில். ஞாயிறு இரண்டு. பார்க்கப் போவது இரண்டு கப்பல்கள்: ஒன்று நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறது, மேல்தளம் 16 மீட்டரில், கடல்தரை 30 மீட்டரில். இன்னொன்று உடைந்து சிதறிய பழைய கப்பல், 10 முதல் 14 மீட்டருக்குள்.

என் நிலவரம்: ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலைப் பயிற்சி மட்டும் முடித்திருக்கிறேன், மொத்தம் 14 டைவ், அதிகம் போன ஆழம் 17 மீட்டர், கடைசியாகத் தண்ணீருக்குள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. மலைப்பாதையில் பஸ் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும், இதில் இரண்டு ராத்திரி படகில். நண்பரோ "நீ ஒண்ணும் யோசிக்காதே, என் பின்னாலேயே வா, கப்பலுக்குள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துடலாம்" என்கிறார். அவர் 200 டைவுக்கு மேல் போனவர். ஞாயிறு கடைசி டைவ் மாலை மூன்று மணிக்கு முடியும், திங்கள் காலை ஏழு மணிக்கு எனக்கு விமானம்.

போகலாமா? பணம் இன்னும் கட்டவில்லை, அதனால் தயங்காமல் திட்டலாம்.

மூன்றில்ஒருபங்கு

திட்டவில்லை. போங்கள், ஆனால் நண்பர் சொல்கிற விதத்தில் போகாதீர்கள்.

"என் பின்னாலேயே வா" என்று அழைத்துப் போகிற டைவுக்கு 'ட்ரஸ்ட் மீ டைவ்' என்று ஒரு பெயரே உண்டு, பாராட்டாக யாரும் அதைச் சொல்வதில்லை. அவர் 200 டைவ் போயிருக்கலாம், அந்த அனுபவம் உங்கள் சிலிண்டரில் ஒரு மூச்சைக்கூடக் கூட்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம், ஆக 2400 லிட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் (புதியவர்கள் பலர் இதைவிட அதிகம் இழுப்பார்கள்), 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, அங்கே நிமிடத்துக்கு 80 லிட்டர் போகும். 50 பாரைத் தொடாமல் ஒதுக்கிவிட்டால் கையில் இருப்பது 1800 லிட்டர், 22 நிமிடம் வரும், அதற்குள் ஏறி வரும் நேரமும் அடக்கம். அதே காற்று 16 மீட்டர் மேல்தளத்தில் சுமார் 34 நிமிடம் தாங்கும். டெகோ இல்லாமல், அதாவது ஏறும் வழியில் கட்டாயமாக நின்று நின்று வரத் தேவைப்படாமல், இருக்கக்கூடிய நேரமும் PADI என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 30 மீட்டரில் 20 நிமிடம்தான், 18 மீட்டரில் 56. அதுவும் அன்றைய முதல் டைவுக்கு. மூன்றாவது, நான்காவது டைவுக்கு இன்னும் சுருங்கும். உங்கள் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர் என்பதால் மேல்தளம் உங்களுடையது, கடல்தரை நண்பருடையது. அவர் கீழே போகட்டும், நீங்கள் கைடுடன் மேலேயே இருங்கள்.

அப்புறம் அந்த 'உள்ளே ஒரு சுற்று'. தலைக்கு மேல் கூரை வந்துவிட்டால் ஏதாவது ஆனால் நேராக மேலே ஏற முடியாது, வந்த வழியைத் தேடித்தான் வெளியே வர வேண்டும். கப்பலுக்குள் சேறும் துருவும் மாவு மாதிரி படிந்து கிடக்கும். காலில் மாட்டிய ஃபின் (துடுப்பு) ஒரு அடி தப்பாக விழுந்தால் போதும், கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. நீங்கள் எதையும் தொடவில்லை என்றாலும் நீங்கள் விடுகிற குமிழி கூரையில் முட்டித் துருவை உதிர்க்கும். அதனால்தான் பயிற்சி எடுத்தவர்கள் வாசலில் கயிறு கட்டி ரீலை விட்டுக்கொண்டே போவார்கள், ஒன்றுக்கு இரண்டு டார்ச் வைத்திருப்பார்கள், மூன்றில் ஒரு பங்கு காற்று போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இந்த மூன்றும் இல்லாமல் உள்ளே போகிறவர் 200 டைவ் போனவராக இருந்தாலும் எனக்கு அவர் டைவ் துணையாக வேண்டாம்.

விமான விஷயம் இடிக்கிறது. மூன்றிலிருந்து ஏழு வரை 16 மணி நேரம். தொடர்ந்து பல டைவ் போனால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்கச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். டிக்கெட்டை மாற்றுங்கள், அல்லது ஞாயிறு இரண்டாவது டைவை விட்டுவிடுங்கள். ஏழு மாத இடைவெளிக்குக் கிளம்புவதற்கு முன்பே நீச்சல் குளத்தில் ஒரு ரிஃப்ரெஷர் (மறுபயிற்சி) போட்டுவிடுங்கள், முகமூடியில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவதைப் படகில் வைத்துப் பழகாதீர்கள்.

கரைவாசி

நான் வேண்டாம் என்பேன். மூழ்கிய கப்பல் பார்க்கப் படகில்தான் படுத்துத் தூங்க வேண்டும் என்று சட்டமா என்ன. பாலியில் துலாம்பென் கரையிலிருந்து நடந்தே போய் இறங்குகிற தூரத்தில் லிபர்டி கிடக்கிறது. 1942இல் டார்பிடோ பட்டுக் கரை ஒதுக்கப்பட்ட கப்பல் அது, 1963 அகுங் எரிமலை வெடிப்பில் கடலுக்குள் தள்ளப்பட்டது. ஒரு டைவ் போய்விட்டு வந்து, பிடிக்கவில்லை என்றால் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். லைவ்அபோர்டில் அது முடியாது. காசு கட்டிவிட்டோமே என்று ஆறையும் முடிக்கத் தோன்றும். பக்கத்துப் படுக்கைக்காரர் கிளம்பினால் நாமும் கிளம்புவோம். நான் அப்படித்தான் ஒருமுறை நான்காவது டைவுக்குக் களைப்போடு இறங்கி, காற்று மானியைப் பார்க்கவே மறந்து, 30 பாரோடு மேலே வந்தேன். கைடு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும்.

உப்புமூக்கு

கரைவாசி சொல்வதில் பாதி உண்மை. ஆனால் முதல் படகு வருவதற்கு முன்பு, விடியற்காலையில், கப்பலைச் சுற்றி வேறு ஆளே இல்லாமல் இறங்குவது லைவ்அபோர்டில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காகவே நான் வாந்தி எடுத்துக்கொண்டும் போகிறேன். ஆம், எனக்கும் புரட்டும்.

மாத்திரையை வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் இல்லை, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். மெக்லிசைன், டைமென்ஹைட்ரினேட் எல்லாம் தூக்கம் வரவழைக்கும், அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒன்று போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அறை கேட்கும்போது படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. போனைப் பார்க்காதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் வாந்தி வந்தால் மூச்சுவிடும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு அதிலுள்ள பட்டனை அழுத்திச் சுத்தம் செய்யுங்கள். கேவலமாக இருக்கும், மீன்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இதைவிட முக்கியமான ஒன்று. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். வெளியேற இரண்டு வழி இருந்தது, இரண்டுமே மேலே எரிந்துகொண்டிருந்த அதே அறைக்குள்தான் திறந்தன. இரவில் சுற்றி வந்து பார்க்கும் காவல் ஆள் இல்லை என்பதை விசாரணை பெரிய குறையாகச் சொன்னது. நான் மேலே கீழ்த்தள அறை கேளுங்கள் என்றேன் இல்லையா, அதனால்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஏறியதும் முதல் வேலை, படுக்கையிலிருந்து வெளியே போக இரண்டாவது வழி எங்கே திறக்கிறது என்று நீங்களே நடந்து பாருங்கள். ராத்திரி யார் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். டார்ச், கேமரா பேட்டரிகளை எல்லாரும் தூங்கும்போது சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். கேட்டால் முகம் சுளிக்கிற படகு என்றால் பணத்தைக் கட்டவே வேண்டாம்.

பேய்க்கணவாய்

எல்லாரும் பயமுறுத்திவிட்டீர்கள், கொஞ்சம் மீன் பேசுவோம்.

உள்ளே போகாவிட்டால் ஏதோ பாதிதான் பார்த்த மாதிரி நினைக்கிறார்கள். உயிர் இருப்பது வெளியேதான், ஐயா. வெளிச்சமும் நீரோட்டமும் படுகிற இடத்தில்தான் மென்பவளமும் கடற்பஞ்சும் ஒட்டி வளரும், அதற்காகச் சின்ன மீன், அதற்காகப் பெரிய மீன். பாய்மரமோ கிரேனோ நின்றுகொண்டிருந்தால் அதன் உச்சிக்கு மேலே பாருங்கள், சீலா கூட்டம் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கும். குழாய் ஓட்டையில் அஞ்சாலை தலையை நீட்டிக்கொண்டிருக்கும், வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சு விடுவதற்கு, உங்களைக் கடிப்பதற்கு இல்லை. பின்பக்கம் சுக்கான் அடியில் பெரிய களவா இருக்க வாய்ப்பு உண்டு. சரக்கறை வாசலில் வெளியே நின்றபடியே டார்ச் அடித்தால் கண்ணாடி மாதிரி மீன்கள் ஆயிரக்கணக்கில் திரை போல விலகும், சிங்கமீன்கள் அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டிருக்கும்.

கையை எங்கேயும் ஊன்றாதீர்கள். துருவும் தேள்மீனும் ஒரே நிறம். குத்திவிட்டால் மேலே வந்ததும் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில், 45 டிகிரி போல, கையை அமிழ்த்தி வைப்பதுதான் முதலுதவி, பிறகு மருத்துவர்.

இரவு டைவை அந்த உடைந்த கப்பலில் வைத்திருந்தால் போங்கள், ஆழமான கப்பலில் என்றால் வேண்டாம். கிளிமீன் தன்னைச் சுற்றி ஒரு சளிப் பை கட்டிக்கொண்டு அதற்குள் தூங்குவதைப் பார்க்கலாம். டார்ச்சை நேராக அதன் முகத்தில் அடிக்காதீர்கள்.

இன்னொன்று, அங்கிருந்து ஒரு ஆணிகூட எடுத்து வரக்கூடாது. செங்கடலில் கிடக்கும் திசில்கார்ம் என்ற சரக்குக் கப்பல் 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானக் குண்டில் மூழ்கியது, ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் சரக்கறையில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் வரிசையாக நிற்கின்றன, ஆனால் நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர், கப்பலிலேயே கயிறு கட்டி நிறுத்திய படகுகள் பிய்த்தது வேறு. உங்கள் படகு தனி மிதவையில் கட்டுகிறதா, கப்பலில் கட்டுகிறதா என்று கேளுங்கள்.

அரைமூச்சு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்துவிட்டேன்.

குளத்தில் ரிஃப்ரெஷர் போட்டேன், முகமூடித் தண்ணீரில் இரண்டு முறை சொதப்பினேன், அங்கேயே நடந்தது நல்லதாயிற்று. இரவுக் காவல் பற்றிக் கேட்டதற்குப் படகோட்டி என்னை அழைத்துப்போய்ப் படுக்கைக்கு மேலிருந்த கதவைத் திறந்தே காட்டினார், அது வேறு தளத்தில் திறந்தது. ஆறில் நான்குதான் போனேன். ஞாயிறு கடைசி டைவை விமானத்துக்காக விட்டேன், சனி நான்காவதை விட்டதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, டைவ் உடையை மாட்ட உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. நண்பர் கொஞ்சம் முறைத்தார். உள்ளே போகவில்லை, அவரும் போகவில்லை, கைடு விடவில்லை.

மேல்தளத்தில் 15 மீட்டரில் ஒரு கணவாய் மீன், என் கண்ணெதிரே துரு நிறத்திலிருந்து வெள்ளையாகி மறுபடி துருவானது. அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் போய்விட்டது. ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை நான் பார்க்கவில்லை என்று கைடு தட்டித்தான் காட்டினார், கரைவாசி மன்னிக்கவும்.

ஒரு கேள்வி மிச்சம். இரண்டாவது டைவில் இறங்கும்போது இடது காது அழுத்தத்தில் அடைத்துக்கொண்டு சரியாகத் திறக்கவில்லை, மூக்கைப் பிடித்து அழுத்தி ஊதித் திறந்தேன். இப்போதும் உள்ளே தண்ணீர் இருப்பது போலவே இருக்கிறது, வலி இல்லை. அடுத்த மாதம் இன்னொரு படகு இருக்கிறது.

மூன்றில்ஒருபங்கு

மூன்று வாரமாகவா? அது வெளியே நிற்கிற தண்ணீராக இருக்காது, நடுக்காதில் அடிபட்டு நீர் கோத்திருக்கலாம். சொட்டு மருந்து எதையும் ஊற்றாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள், அழுத்தி ஊதியதைச் சொல்லுங்கள். தலைசுற்றலோ காதில் இரைச்சலோ இருந்தால் வாரக்கடைசிவரை காத்திருக்காமல் இன்றே. அவர் சரி என்று சொல்லும்வரை அடுத்த படகுக்குப் பணம் கட்டாதீர்கள். இனி இறங்கும்போது காது வலிக்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் திறந்துகொண்டே போங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், அப்போதும் இல்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை.