கூறு, ஈடு: எதிர்ப்பொருள் குப்பிக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆய்வகத்து ஃப்ரீசர் கதவில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உதவியாளர்கள் இருவரும் தமிழில் இருந்தால்தான் கடைசி வரி வரை வாசிப்பார்கள். மாணவர்களும் அப்படித்தான், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறிப்பு இரண்டு சொற்களில் வந்து நின்றுவிட்டது: அலிக்வாட் (நாம் சிறு குப்பியில் பிரித்துவைக்கும் பகுதி), லாட் (நிறுவனம் ஒரே முறையில் தயாரித்த சரக்கு).

போன வருடம் எழுதிய குறிப்பில் இரண்டுக்குமே 'பகுதி' என்று போட்டிருந்தேன். "புதிய பகுதி வந்தால் பழைய பகுதியோடு சேர்த்து வைக்கவும்" என்று ஒரு வரி. ஒரே பெட்டியில் பக்கத்தில் வையுங்கள் என்பது என் எண்ணம். உதவியாளர் தம்பி பழைய குப்பியில் மீந்திருந்த நாற்பது மைக்ரோலிட்டரைப் புதிய குப்பியில் ஊற்றி, சொன்னபடியே 'சேர்த்து' வைத்துவிட்டார். முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, ஐந்து வாரம் காத்திருந்து வரவழைத்த முயல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றும் புரதம்). தம்பியை என்ன சொல்வது? அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார், நான்தான் தப்பாக எழுதியிருந்தேன்.

ஏன் கலக்கக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: எதிர்ப்பொருள் (இலங்கை நண்பர்களுக்குப் பிறபொருளெதிரி) எல்லாம் ஒரே மாதிரி தயாராவதில்லை. முயலுக்கோ ஆட்டுக்கோ ஒரு புரதத்தை ஊசி போட்டு, சில வாரங்கள் கழித்து இரத்தம் எடுத்து, சீரத்திலிருந்து பிரித்தெடுப்பது ஒரு வழி. அதில் கிடைப்பது பல எதிர்ப்பொருள்களின் கலவை. அதே முயலிடம் முதல் முறை எடுத்ததும் மூன்றாம் முறை எடுத்ததும் ஒன்றல்ல. நாள் போகப்போக இறுக்கமாகப் பற்றுகிறவை கூடும். முயல் செத்துவிட்டால் அந்தக் கலவையும் அதோடு போயிற்று. பட்டியல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் வேறொரு முயலிடமிருந்து எடுத்து அனுப்பும். குப்பி அதே, லேபிள் அதே, லாட் எண் மட்டும் வேறு. நேற்று வரை ஒரே கோடு காட்டிய வெஸ்டர்ன் பிளாட் (எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு புரதத்தைக் கோடாகக் காட்டும் சோதனை) இன்று நாலு கோடு காட்டும்.

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே செல் வழியிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை எடுக்கும் ஹைபிரிடோமா முறையைக் கண்டுபிடித்தார்கள்; 1984-இல் நோபல் பரிசு வந்தது. அதன்பின் இந்தத் தொல்லை குறைந்தது, தீரவில்லை. அந்தச் செல்களும் நாளடைவில் மாறும், சில சமயம் சுரப்பதையே நிறுத்திவிடும். 2015-இல் பிராட்பரி, புளூக்தன் என்ற இருவர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் கையொப்பத்தோடு நேச்சர் இதழில் எழுதினார்கள்: மரபணு வரிசை தெரிந்து, அதைக்கொண்டு செய்த எதிர்ப்பொருளையே ஆய்வுக்கு வாங்குங்கள் என்று. எங்களைப் போன்றவர்களின் ஃப்ரீசரில் இன்னும் பாதி முயலும் ஆடும்தான். அதனால் லாட் எண் எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை.

அலிக்வாட் என்பது முற்றிலும் வேறு சங்கதி. வந்த நூறு மைக்ரோலிட்டரை உடனே பத்துப் பத்தாகச் சிறு குப்பிகளில் பிரித்து உறையவைப்பது. வேலைக்கு ஒன்றை மட்டும் எடுத்து உருக்கி, மிச்சத்தை நாலு டிகிரியில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். லாட் என்பது அவர்கள் ஒரே முறையில் செய்தது, அலிக்வாட் என்பது நாம் பிரித்துவைத்தது.

என் பரிந்துரை:

அலிக்வாட் = கூறு. பிரித்தல் = கூறுபோடுதல்.
லாட் = ஈடு.

சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கூறு. ஒன்றுக்கொன்று சமம், ஒரு கூறு எடுத்தால் மற்றது கலையாது. ஈடு, இட்லிப் பானையிலிருந்து. "இன்னும் ஒரு ஈடு ஊத்தட்டுமா?" என்று கேட்காத வீடு உண்டா? மாவு ஒன்று, பானை ஒன்று, ஆனாலும் முதல் ஈடும் மூன்றாம் ஈடும் ஒன்றாக இராது. மாவு வைத்திருக்க வைத்திருக்கப் புளித்துக்கொண்டே போகும். முயல் கதையும் அதுதான்.

உங்கள் கருத்து?

———

> அலிக்வாட் = கூறு

தங்கைக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

ஈடு எனக்குப் பிடித்திருக்கிறது. அலிக்வாட்டுக்குப் 'பங்கு' பொருந்தாதா? எங்கள் ஊரில் பங்கிறைச்சி என்று ஒன்று உண்டு. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி அடித்துப் பங்கு போடுவார்கள். ஒரு பங்கில் ஈரல் முழுக்க, மற்றப் பங்கில் எலும்பு முழுக்க என்று போட்டால் சண்டைதான். எல்லாப் பங்கிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். நீங்கள் பிரிக்கிற குப்பிகளும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

———

> லாட் = ஈடு

அம்மா, முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். மூன்று தடைகள்.

ஒன்று, 'கூறு' ஏற்கெனவே ஒரு கலவையில் அடங்கிய பொருள்களைக் குறிக்கப் புழங்குகிறது. "இக்கரைசலின் கூறுகள் யாவை" என்று நானே வினாத்தாளில் கேட்டிருக்கிறேன். இரண்டு, அலிக்வாட் எங்கள் துறைச் சொல். 250 மில்லி குடுவையில் கரைத்துவிட்டு 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்துத் தரம் பார்ப்போம், அந்த 20 மில்லிதான் அலிக்வாட். முழுவதையும் யாரும் பிரித்து அடுக்குவதில்லை. மூன்று, ஈடு என்றால் எனக்கு நஷ்டஈடும் அடமானமும்தான் நினைவுக்கு வருகின்றன. 'தொகுதி எண்' என்று எளிமையாகப் போனால் என்ன?

———

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஐயாவின் மூன்றாம் தடை. தொகுதி என்பது தொகுத்தது. பல இடத்திலிருந்து வந்ததையும் தொகுக்கலாம், லாட்டில் நடக்கவே கூடாதது அதுதான். பழையதையும் புதியதையும் ஊற்றிக் கலந்த எங்கள் தம்பி செய்ததற்குத்தான் தொகுதி என்ற பெயர் சரியாகப் பொருந்தும்! ஈடு அப்படியில்லை. படு பாடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல, இடு ஈடு ஆகிறது. ஒரு தடவை இட்டது ஒரு ஈடு. அடமானம் என்ற பொருள் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஃப்ரீசர் கதவில் "ஈடு" என்று பார்த்துவிட்டு யாரும் நகைக்கடைக்குப் போகப் போவதில்லை.

இரண்டாம் தடையில் ஐயா சொன்னது சரி, என் விளக்கம்தான் குறுகலாக இருந்தது. முழுதும் பிரித்தாலும், ஒன்றை மட்டும் எடுத்தாலும், அளவு தெரிந்த ஒரு பகுதி, முழுதையும் ஒத்த பகுதி என்பதுதான் அடிப்படை. லத்தீனில் அலிக்வாட் என்ற சொல்லுக்குச் 'சில, இத்தனை' என்றுதான் பொருள். கணக்கில் மீதியில்லாமல் வகுக்கிற எண்ணைக் குறிக்க வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கு மூன்றும் நாலும் போல. சந்தையிலும் எல்லாக் கூறையும் நாம் வாங்குவதில்லையே. ஒன்றை எடுத்தாலும் அது கூறுதான்.

முதல் தடைதான் கனமானது. "எதிர்ப்பொருள் கரைசலின் கூறுகள்" என்றால் அதில் கலந்திருக்கும் கிளிசரால், சோடியம் அசைடு போன்ற பொருள்கள் என்றும் படிக்கலாம், பத்துக் குப்பிகள் என்றும் படிக்கலாம். அதனால் பெயர்ச்சொல்லைத் தனியாக விடாமல் 'கூறுக்குப்பி' என்று கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. வினை கூறுபோடுதல், அதில் குழப்பமே வராது.

அக்கா, உங்கள் பங்கிறைச்சி என்னை மிகவும் ஆட்டிவிட்டது. தென் மாவட்டங்களில் தீபாவளிக்கு ஆட்டை இப்படிக் கூறு போடுவதுண்டு, அங்கேயும் ஈரல் கணக்கு ஈரல் கணக்குத்தான். கத்தரிக்காயைவிட இது பொருத்தமான உவமை. பிரிப்பதற்கு முன் குப்பியை மெதுவாகக் கலக்கிச் சீராக்க வேண்டும், நுரை வரக் குலுக்கக் கூடாது என்ற விதியை இனி இதைச் சொல்லித்தான் விளக்குவேன். பங்கை எடுக்காததற்குக் காரணம் ஒன்றுதான்: இங்கே பங்கு என்றதும் ஒருவருக்குச் சேர வேண்டியது என்ற எண்ணம் வருகிறது. "என் பங்கு எங்கே?" என்று மாணவர்கள் ஆளுக்கொரு குப்பியை எடுத்துக்கொண்டு போவார்கள், நிச்சயமாக. உங்கள் ஆய்வகத்தில் பங்கு என்றே எழுதினால் எங்களுக்கும் புரியும், அதில் சிக்கல் இல்லை.

குறிப்பின் திருத்திய வடிவம் கீழே. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"புதுக் குப்பி வந்ததும் ஈடு எண்ணைப் பதிவேட்டில் எழுதவும். பழைய ஈட்டோடு ஊற்றிக் கலக்கக் கூடாது; தனி வரிசையில் வைக்கவும். பழைய ஈடு தீர்வதற்கு முன் இரண்டையும் ஒரே பிளாட்டில் ஓட்டிப் பார்க்கவும்.

வந்த அன்றே பத்து மைக்ரோலிட்டர் வீதம் கூறுபோடவும். அதற்கும் குறைத்தால் குப்பிச் சுவரில் ஒட்டியே பாதி போய்விடும். ஒவ்வொரு கூறுக்குப்பியிலும் பெயர், ஈடு எண், தேதி. மைனஸ் 20-இல் வைக்கவும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், அது உள்ளுக்குள்ளேயே சூடேறிக் குளிரும்.

பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்தது மைனஸ் 20-இல் உறையாது, கூறுபோடத் தேவையில்லை. நொதியோ ஒளிரும் சாயமோ இணைத்ததை உறையவைக்கவே கூடாது, நாலு டிகிரியில் வைக்கவும். சாயம் உள்ளதை ஃபாயில் சுற்றி வைக்கவும்."

இலக்கணம் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வீடு வீட்டு என்று ஆவதால் 'ஈட்டு எண்' என்பதுதான் முறை என்கிறார் என் அண்ணன். சரி, அதை மாற்றிவிடுகிறேன். ஆனால் அதே கணக்கில் ஆறு ஆற்று என்றால் கூறு கூற்று ஆகிவிடுமே. ஃப்ரீசருக்குள் கூற்றுக்குப்பி என்று எழுதி ஒட்டினால் எமன் குப்பி என்றல்லவா ஆகும்? கூறுக்குப்பி என்றே விட்டுவிட இடம் உண்டா?