மறு: “தொடக்கநிலைச் சாகசம்” வேண்டாம், இரண்டு சொல்லாகப் பிரிப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையில் ஆடும் பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஆளுக்கொரு கதைப்பாத்திரமாக ஆடுவோம், கதையை நடத்துநர் ஒருவர் கொண்டுபோவார், ஆடும் கதைக்குச் சாகசம் என்று பெயர். இவற்றுக்கான சொற்பட்டியலில், புதியவர்களுக்கு ஏற்ற சாகசத்தைக் குறிக்க “தொடக்கநிலைச் சாகசம்” ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வேறு வேறான இரண்டு பொருளை இந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது. புதுக் குழு முதல் சாகசத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தடுமாறுவதும் இதே இடத்தில்தான்.

1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டம் முதற்கொண்டு பாத்திரங்களுக்கு நிலை உண்டு; ஆட ஆடப் பாத்திரம் வலுப்பெற்று நிலை உயரும். அதனால் “தொடக்கநிலை” என்றதும் ஆடிப் பழகியவர்கள் முதல் நிலைப் பாத்திரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வருவதோ, இதற்குமுன் ஆடியே இராத மனிதர்களை. முதல் நிலைக்கானது என்பதாலேயே ஒரு சாகசம் அவர்களுக்கு எளிதாகிவிடாது. சொல்லப்போனால், முதல் நிலைப் பாத்திரம்தான் சட்டென்று சாகும். அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி, அதாவது விழும்வரை தாங்கும் அடியின் அளவு, 6; அதோடு உடலுறுதிக்கு உரிய கூட்டல். பெரும்பாலும் 7 அல்லது 8 வரும். கோப்ளின் என்ற குட்டி அரக்கனில் சாதாரணமான ஒன்றின் வளைவாள் வெட்டுக்கு ஓர் ஆறுமுகப் பகடையும் கூட 2-உம், அதாவது சேதம் 8 வரை போகும். ஒரே வெட்டில் ஆள் விழுந்துவிடலாம்.

அதே 2014-இல், புதியவர்களுக்கென்று வந்த தொடக்கப் பெட்டியின் சாகசம் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்’. அதன் முதல் மோதலே, பாதையோரம் பதுங்கியிருக்கும் கோப்ளின்களோடுதான். எண்களை மட்டும் பார்த்தால் புதியவர்களுக்குக் கடுமையான தொடக்கம். ஆனால் குழு தோற்றால் என்ன செய்வது என்பதையும் அந்த ஏடு நடத்துநருக்குச் சொல்லிவிடுகிறது: கோப்ளின்கள் கொல்வதில்லை, மயங்கிக் கிடப்பவர்களைக் கொள்ளையடித்துவிட்டுப் போய்விடுகின்றன. ஆட்டம் நிற்காமல் தொடரும். பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள்களும் நிரப்பப்பட்டே பெட்டியில் இருக்கின்றன. புதியவர்களை மனத்தில் வைத்து எழுதுவது என்றால் இதுதான். அட்டையில் அச்சிட்ட நிலை எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே என் முன்மொழிவு: பாத்திரத்தின் நிலையைக் குறிக்க “முதல்நிலைச் சாகசம்”, ஆடுபவரின் பழக்கத்தைக் குறிக்க “பயில்சாகசம்”. பின்னது ஊறுகாய் போன்ற வினைத்தொகை, அதனால் இடையில் ஒற்று மிகாது. “கன்னிச் சாகசம்” என்றால் முதன்முறை என்பது மட்டும் வரும், கற்றுத்தரும் தன்மை வராது. “அரங்கேற்றச் சாகசம்” கேட்க அழகுதான், ஆனால் அரங்கேற்றம் பயிற்சி முடிந்தபின் நடப்பது. சாகசம் வடசொல் என்ற ஆட்சேபம் வரும் என்று தெரியும். ஆடுபவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாம்.

“பயில்” என்றால் பாடப்புத்தக வாடை அடிக்காதா என்று முந்தைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பயிலுதலுக்குப் பழகுதல் என்ற பொருளும் உண்டே. இங்கே பழக வேண்டியவர் நடத்துநரும்தான். பெரும்பாலான புதுக் குழுக்களில் அவரும் புதியவர், அவர் திணறினால் மேசையே திணறும். அதனால் வரையறையில் அவரையும் சேர்க்க வேண்டும்.

அகராதிப் பதிவு இப்படி இருக்கலாம்:

பயில்சாகசம்: முன்பு ஆடியிராத குழுவுக்கும் நடத்துநருக்கும் என்று எழுதப்பட்ட சாகசம். விதிகளைத் தேவைப்படும் இடத்தில் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தும். குழுவின் நோக்கத்தை முதலிலேயே தெளிவாக்கும். தோற்றாலும் ஆட்டம் தொடர வழி வைத்திருக்கும்.

ஒரே அமர்வில் முடிய வேண்டும் என்பதையும் சேர்க்கச் சிலர் விரும்பலாம். எனக்கு அது தேவையில்லை; ஃபேன்டெல்வரே பாத்திரங்களை ஐந்தாம் நிலைவரை கொண்டுபோகும் நீளமுள்ளது. ஒரே அமர்வில் முடிவதற்குத் தனிச் சொல் வேண்டும். “ஓரமர்வுச் சாகசம்” சரி என்று படுகிறது, அதைத் தனி இழையில் பேசுவோம்.