சீட்டுக்கு அடியில் ஆம்ப், டிக்கிக்குள் சப்வூஃபர்: உங்கள் வண்டியில் என்ன நடந்தது?

அய்யம்பேட்டைக்காரன்

ஸ்விஃப்ட் வண்டி. வெளியே ஒன்றும் தெரியக்கூடாது என்று சொல்லித்தான் திருச்சியில் ஒரு கடையில் விட்டேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், டிக்கி மேட்டுக்கு (விரிப்புக்கு) கீழே பலகை அடித்து, அடித்தளச் சத்தத்துக்கான ரெண்டு பத்து இஞ்ச் சப்வூஃபர். கம்பெனி மியூசிக் செட்டை மாற்றவில்லை, ஸ்பீக்கர் வயரிலிருந்தே லைன் எடுத்துக் கொடுத்தார்கள். சத்தத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

மச்சான் உயரமான ஆள். பாபநாசத்தில் டீ குடித்துவிட்டு, இனி நான் ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளினார். கீழே 'சட்'டென்று ஒரு சத்தம். நீல வெளிச்சம். சீட் ரெயில் ஓரத்தில் கார்பெட் சிவப்பாகக் கனன்று பிளாஸ்டிக் நாற்றம் குப்பென்று வந்தது. மச்சான் பதறிப்போய் சீட்டை முன்னால் இழுத்தார், பொறி நின்றது. அந்த இழுப்புதான் எங்களைக் காப்பாற்றியது. பின் சீட்டில் பிள்ளைகள் ரெண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றினோம். மொத்தமான சிவப்புக் கேபிள் கை வைக்க முடியாத சூடு. அது ரெயிலுக்கு அடியில் நசுங்கி, மேல் உறை கிழிந்து, பாடியில் தொட்டிருக்கிறது. பேட்டரிப் பக்கம் பியூஸே கிடையாது. கடையில் போய்க் கேட்டால், "ஆம்புலயே ரெண்டு பியூஸ் இருக்கே சார், இன்னொண்ணு எதுக்கு?" என்கிறார்.

அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. ஆம்பில் இருக்கும் பியூஸ் ஆம்பைத்தானே காக்கும்? பானட்டிலிருந்து சீட் வரைக்கும் வரும் கேபிளை யார் காப்பது? வருகிற வழியில் அது எங்கே பாடியைத் தொட்டாலும் பேட்டரியின் முழு கரண்டும் அதில்தான் பாயும். ஆம்ப் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நன்னிலம்

எனக்கு நெருப்பு அனுபவம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் பெரியப்பா கோயில் தவில்காரர். வயதாகிவிட்டது, இப்போது வாசிப்பதில்லை. சீட்டுக்கு அடியில் வைக்கிற எட்டு இஞ்ச் சப்வூஃபர், ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும் வகை, அதைப் போட்ட மறுநாள் அவரை உட்கார வைத்து ஒரு திருவிழாப் பதிவைப் போட்டேன். எங்கள் ஊரில் போன வருஷம் எடுத்தது, நல்ல ரெக்கார்டிங். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "வலந்தலை ஒருத்தன் வாசிக்கிறான், தொப்பி வேற ஒருத்தன் வாசிக்கிறான்டா. ரெண்டு பேரும் வேற வேற எடத்துல உக்காந்திருக்காங்க" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அதுதான் உண்மை. தவிலின் வலது பக்கமான வலந்தலையின் சொல் கதவு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, இடது பக்கமான தொப்பியின் ஆழ்ந்த சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. இரண்டும் ஒட்டவில்லை. எந்த அதிர்வெண் வரை சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரைக் கடைத் தம்பி 120 ஹெர்ட்ஸில் விட்டிருந்தார், அதனால் தொப்பியின் பாதிக் குரல் கீழே போய்விட்டது. பெரியப்பாவை அங்கேயே உட்கார வைத்துத் திருப்பினேன். 80-க்கு இறக்கினேன். சப்வூஃபர் கூம்பு அசையும் திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தள்ளினேன். கெயினைக் கொஞ்சம் குறைத்தேன். பெரியப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "இப்ப ஒரே ஆளு" என்றார்.

டூம் டூம் என்று பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு 'செம பேஸ்' என்று வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் சப்வூஃபரைச் சோதிக்கத் தவிலைவிட நல்ல வாத்தியம் கிடையாது. ஆனால் பதிவு புதிதாக இருக்க வேண்டும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 ஆர்.பி.எம் இசைத்தட்டுகளைப் போட்டுவிட்டு 'பேஸ் வரவில்லை' என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அந்தத் தட்டுகளில் அடித்தளச் சத்தம் சரியாகப் பதிவாகவில்லை. சப்வூஃபரைக் கூட்டினால் ஊசியின் உறுமல்தான் பெரிதாகும்.

கும்பகோணம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

அய்யம்பேட்டை அண்ணே, உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். பியூஸ் போடாமல் வண்டியை வெளியே விட்டவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் எல்லாக் கடையையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தம்பி நெட்டில் வாங்கிய ஒயர் கிட்டோடு வந்தார். கேபிள் விரல் தடிமன், மேலே '4 கேஜ்' என்று தடிமன் அளவு பெரிதாக எழுதியிருந்தது. நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, அதே தடிமன் செம்பு தாங்கும் கரண்டைத் தாங்காது. "பரவால்லண்ணே, இதையே போடுங்க" என்றார். முடியாது என்றேன். பக்கத்துக் கடையில் போட்டுக்கொண்டு போனார். என் கண் முன்னாலேயே டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அதுதான் மனதில் நிற்கிறது.

சரி, இனி செய்யப்போகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் மெயின் பியூஸ் இருக்க வேண்டும். அந்த பியூஸ் கேபிளுக்கானது, கேபிள் தாங்கும் அளவுக்கு மேல் போடக் கூடாது. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் தகரத்தில் உரசும்படி விட்டால், சீட் ரெயிலில் நடந்தது அங்கே நடக்கும். ஆம்பிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பிளஸ் என்ன தடிமனோ அதே தடிமன். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் முறுக்க வேண்டும். பவர் கேபிள் இடது பக்கம் வந்தால் ஆடியோ கேபிள் வலது பக்கம் வரட்டும்.

வாட்ஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருக்கும், ஆம்பைத் திருப்பிப் பார்த்தால் 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றுதான் இருக்கும். வண்டி ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். 30-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 420 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். சூடு குறைவான கிளாஸ் டி வகை ஆம்ப் என்றாலும் கொஞ்சம் சூடாகப் போகும், வெளியே வருவது 330-க்குப் பக்கம். 2000 எங்கிருந்து வரும்? ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஓம், ஸ்பீக்கரின் மின்தடை அளவு. நாலு ஓம் சப்வூஃபர் ரெண்டைப் பேரலலாகப் போட்டால் ரெண்டு ஓம் ஆகிவிடும். பிரிட்ஜில் (ரெண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துப் போடும்போது) நாலு ஓமுக்குக் கீழே கூடாது என்று எழுதியிருக்கும் ஆம்பில் அதைக் கொடுத்தால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்‌ஷனில் போய் நின்றுவிடும். அதுவும் மறைத்து வைத்த ஆம்புக்குக் காற்று கிடையாது. கார்பெட்டுக்குள் சுற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கெயினை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். அது செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கு. அளவுக்கு மேல் திருப்பினால் சத்தம் கிழியும், சப்வூஃபரின் காயில் (கம்பிச் சுருள்) கருகும்.

அய்யம்பேட்டைக்காரன்

தம்பி, சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் என் கேபிளை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. பில்லில் அவர்களே போட்டது, பேரம்கூடப் பேசவில்லை. வாடிக்கையாளர்மேல் பாதிப் பழியைத் தள்ளாதீர்கள். கார்பெட்டை மூடிவிட்ட பிறகு நான் எதைப் பார்க்க முடியும்?

கும்பகோணம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

மூடுவதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள் அண்ணே. காட்ட மாட்டேன் என்கிற கடையில் வண்டியை விடவே வேண்டாம். என் கடையில் கேபிள் போகும் வழி முழுக்க போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேட்டை மூடுவேன்.

வேதாரண்யம் உப்புக்காற்று

'பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில்' என்று எலக்ட்ரீஷியன் தம்பி எழுதியதில் ஒரு வரி குறைகிறது. எங்கள் ஊரில் அதை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

கோடியக்கரையிலிருந்து ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தோம். பாட்டு நின்ற இடைவெளியில் 'ஙொய்ய்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. வீட்டுக்காரி கொசு என்று நினைத்து ஜன்னலை ஏற்றினாள். அடுத்த நாளிலிருந்து ஆம்ப் தானாக நிற்கவும் ஆரம்பித்தது. கடையில் 'ஆம்ப் போயிடுச்சு, புதுசு போடணும்' என்றார்கள். மனசு கேட்கவில்லை. டிக்கி ஓரத்தில் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். போல்ட்டுக்கு அடியில் காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேபிள் நுனியில் புது லக்கு (உலோக வளையம்) வைத்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். சத்தமும் போனது, ஆம்பும் நிற்கவில்லை. அதே ஆம்ப்தான் இன்றும் ஓடுகிறது.

நல்ல ஆம்பைத் தூக்கிப் போடச் சொன்னார்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சீர்காழி கிழக்கு

ஸ்டெப்னிக் குழிக்குள் வைக்கிற வட்ட சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி வீட்டு வாசலில்தான் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு டிக்கி மேட்டைத் தூக்கினேன். சப்வூஃபர் வானம் பார்த்துக் கிடக்க, கூம்பு நிறையச் சேற்றுத் தண்ணீர். விரலால் தொட்டேன், காகிதம் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அந்தக் குழிதான் டிக்கியிலேயே தாழ்வான இடம், உள்ளே வந்த தண்ணீர் அங்கேதான் தங்கும். அடியில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைக் கழற்றினால் வடிந்துவிடும், ஆனால் சப்வூஃபரைத் தூக்காமல் மூடியைத் தொட முடியாது.

சின்ன மழைக்கும் டிக்கிக் கதவு ரப்பர் கிழிந்திருந்தால் இதே கதிதான். ஐப்பசி பிறப்பதற்குள் பார்த்துவிடுங்கள்.

மன்னார்குடி வடக்கு

எல்லோரும் தண்ணீர், துரு என்கிறீர்கள். எலியை யாரும் சொல்லவில்லையே? வீட்டுக்குப் பின்னால் வயல். அறுவடை முடிந்ததும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். ஒரு காலையில் செட் பாடுகிறது, சப்வூஃபர் மட்டும் ஊமை. சீட்டுக்கு அடியில் குனிந்தால் நீல நிற ரிமோட் வயர் சுத்தமாக அறுந்து கிடக்கிறது. செட்டை ஆன் செய்ததும் ஆம்பை எழுப்புவதே அந்த மெல்லிய வயர்தான். பக்கத்தில் வைக்கோலும் பஞ்சும் போட்டுக் கூடே கட்டியிருக்கிறது. வயல்காட்டுப் பெரியவர் ஒருவரிடம் கிட்டி வாங்கி வைத்துத்தான் பிடித்தோம். நெளிவுக் குழாய்க்குள் வயரை விட்ட பிறகு தொந்தரவு இல்லை.

மயிலாடுதுறை டீச்சர்

இத்தனை நேரம் படித்தேன். எல்லோரும் காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் கதையையே சொல்கிறீர்கள். என்னுடையது வெளியே இருப்பவரின் கதை.

அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தார். இரவு பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பாட்டு என்னவென்றே தெரியவில்லை, அடி மட்டும் கேட்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, மேசையில் இருந்த மாத்திரை டப்பா நகர்கிறது. அப்பா மார்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். போய்க் கதவைத் தட்டினேன். அந்தத் தம்பி உடனே நிறுத்திவிட்டு, "கண்ணாடியெல்லாம் ஏத்திதான்க்கா வச்சிருந்தேன், வெளிய கேக்காதுன்னு நெனச்சேன்" என்றது. பொய் சொல்லும் முகமாகவும் இல்லை.

கண்ணாடியை ஏற்றினால் பாடுகிறவரின் குரல் அடங்கும், அந்த அடிச் சத்தம் அடங்காது. சுவரையும் தாண்டி வரும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் அதைவிடக் குறைவு. நன்னிலத்துக்காரரின் பெரியப்பாவைப் போல ஆட்கள் இருக்கும் ஊரில், கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கட்டும். தெருவுக்குள் வரும்போது குறைக்க ஒரு வழி இல்லையா?

நன்னிலம்

டீச்சர் சொல்வது நியாயம். எனக்கும் இது தோன்றவே இல்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மன்னார்குடி வடக்கு

நியாயம்தான், ஆனால் திருவிழாவுக்குத் தெரு முழுக்கக் குழாய் கட்டுகிறார்களே டீச்சர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

மயிலாடுதுறை டீச்சர்

அப்பா நன்றாக இருக்கிறார், நன்றி. குழாயைப் பற்றியும் மனு கொடுத்திருக்கிறேன். இங்கே பேச்சு காரைப் பற்றி என்பதால் காரைச் சொன்னேன்.

கும்பகோணம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

வழி இருக்கிறது அக்கா. பல ஆம்போடும் சீட்டுக்கு அடி சப்வூஃபரோடும் ஒயர் வைத்த ஒரு குமிழ் வரும், பேஸ் நாப் என்போம். அதை கியர் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டால், தெருவுக்குள் திரும்பும்போது சப்வூஃபரை மட்டும் இறக்கிவிடலாம், பாட்டு பாட்டாக ஓடும். நிறையப் பேர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். இனி என் கடையில் கேட்காமலே மாட்டிவிடுகிறேன்.

அய்யம்பேட்டை அண்ணே, வண்டியை இன்னும் சரி செய்யவில்லை என்றால் ஒரு நாள் கொண்டுவாருங்கள். கேபிளை ரெயில் பக்கத்திலிருந்து எடுத்து, கதவு ஓரத்துப் பட்டைக்கு அடியில் புதிதாக இழுத்துவிடலாம்.

அய்யம்பேட்டைக்காரன்

வருகிறேன் தம்பி. மச்சானையும் கூட்டிவருகிறேன். மேட்டை மூடுவதற்கு முன்னால் அவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டுமாம்.