பாட்டியின் படகுப் பயணம்: எந்த நாள்?

(குடும்பக் குழு அரட்டை. உறவுப் பெயர்கள் மீனாவின் முறைப்படி: அம்மா, சித்தி, இரண்டு மாமாக்களும் பாட்டியின் பிள்ளைகள்; அவர்கள் பேச்சில் 'அம்மா' என்றால் பாட்டி, 'அப்பா' என்றால் தாத்தா. கண்ணன் பெரிய மாமாவின் மகன்.)

மீனா: பாட்டி நேற்று ராத்திரி தூங்கப் போகும் முன் ஒன்று கேட்டார். எண்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம், மாலை ஒன்றும் வேண்டாமாம். தாத்தா கூட்டிப்போன அந்த மணல்திட்டில் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு, அப்படியே கண்டல் காட்டுக்குள் சுற்றிவிட்டு வர வேண்டுமாம். கூட்டம் வேண்டாம், படகில் பாட்டுப் போட வேண்டாம் என்றார்.

சித்தி: அம்மாவா கேட்டாள்?

மீனா: ஆமாம் சித்தி. இரண்டு தடவை கேட்டார்.

கண்ணன்: போகலாம். ஞாயிறு நான் அங்கே இருப்பேன். திங்கள் ராத்திரி கிளம்ப வேண்டும்.

சின்ன மாமா: முழங்கால்?

அம்மா: நடக்கிறாள். படகில் ஏறி இறங்குவதுதான் எனக்குப் பயம்.

கண்ணன்: என் கணக்கில் 12 பேர்.

சித்தி: போன தடவை மாதிரி எனக்கு மட்டும் சொல்லாமல் போய்விடாதீர்கள். போட்டோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய அத்தை: அது திடீரென்று முடிவானது செல்வி.

சித்தி: மூன்று நாள் முன்பே முடிவானது என்று பிள்ளைகள் சொன்னார்கள் அண்ணி.

அம்மா: அது இப்போது வேண்டாமே.

பெரிய மாமா: ஞாயிறு சரிப்படாது. காரணம் சொல்கிறேன், முழுக்கப் படியுங்கள். ஞாயிறு அமாவாசை. அட்டவணை பார்த்தேன், காலை 6.10-க்கு முழு ஏற்றம், பகல் 12.20-க்கு முழு வற்றம். நீங்கள் எல்லோரும் கிளம்பி வந்து சேர 9 மணி ஆகும். தண்ணீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் இறங்காது. இறங்குவதைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. அப்பா விரல்விட்டு எண்ணிக் காட்டுவாரே, அந்தக் கணக்குதான். 9 மணிக்குக் கிட்டத்தட்டப் பாதித் தண்ணீர் போயிருக்கும், மீதியும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வாய்க்காலுக்குள் நுழைந்து சேற்றில் தட்டினால் அடுத்த ஏற்றம் வந்து தூக்கும் வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், எண்பது வயது அம்மாவை வைத்துக்கொண்டு. ஏறுகிற தண்ணீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் படகு தானாக மிதந்துவிடும். அதனால் காட்டுக்குள் போவது எப்போதும் ஏறுகிற தண்ணீரோடுதான்.

கண்ணன்: அப்பா, எந்த நாள் என்று மட்டும்

சின்ன மாமா: அதேதான்

பெரிய மாமா: அடுத்த சனி. ஏற்றம் ஒரு நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், ஆறு நாளில் ஐந்து மணி நேரம். அன்றைக்குக் காலை 5 மணி வாக்கில் வற்றம், 11 மணி வாக்கில் ஏற்றம். இருட்டிலேயே கிளம்பி வந்து 6 மணிக்குப் படகில் ஏறினால் முதலில் மணல்திட்டு, வெயில் ஏறும் முன் அம்மா உட்கார்ந்துகொள்ளலாம், அப்புறம் ஏறுகிற தண்ணீரோடு காட்டுக்குள் போய் 11-க்கெல்லாம் கரைக்கு வந்துவிடலாம்.

கண்ணன்: சனி நான் இருக்க மாட்டேன்.

பெரிய அத்தை: லீவை நீட்டிக்க முடியாதா?

கண்ணன்: ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்தாயிற்று, அம்மா.

பெரிய மாமா: சனியிலும் ஒரு குறை இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி பக்கம் இரண்டுமே குறைவு. சனி சஷ்டி, அதனால் திட்டு ஞாயிறு அளவுக்கு வெளியே தெரியாது. ஒரு கூடம் அளவு இருந்தாலே பெரிது.

சித்தி: அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட இடம் இருந்தால் போதும்.

சின்ன மாமா: படகுக்காரரிடம் பேசிவிட்டேன். ஒரு படகில் ஆறு பேர். ஏழாவது ஆளை ஏற்ற மாட்டாராம்.

மீனா: பாட்டி நாலு பேர் போதும் என்கிறார்.

பெரிய அத்தை: எந்த நாலு பேர்?

சித்தி: 😶

அம்மா: பேசாமல் பெரிய படகாகவே எடுத்தால் என்ன?

பெரிய மாமா: வேண்டாம். வாய்க்கால் குறுகல், உள்ளே திருப்ப முடியாது. பெரிய மோட்டார் கிளப்புகிற அலை கரையை அரித்துக்கொண்டே போகும், பறவை எல்லாம் எழுந்து போய்விடும். சின்னப் படகாகவே இருந்தாலும் காட்டு வாயில் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். உள்ளே துடுப்புதான். அம்மா கேட்கிற அமைதி அப்போதுதான் கிடைக்கும்.

சின்ன மாமா: அப்பாவின் தோணி அந்த வாய்க்காலுக்கென்றே செய்தது.

அம்மா: அதைத்தான் விற்றாயிற்றே.

சின்ன மாமா: பலகை உளுத்துப்போயிருந்தது. எத்தனை தடவை சொல்வது?

பெரிய மாமா: இரண்டு பலகை மாற்றினால் போதும் என்று அன்றைக்கே சொன்னேன்.

சின்ன மாமா: சொன்னீர்கள் அண்ணா. மாற்ற யாரும் வரவில்லை.

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

சித்தி: யார் என்ன போட்டு அழித்தது?

அம்மா: பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மீனா: மாமா, குட்டி கேட்கிறான், அங்கே வேர் ஏன் தரைக்கு மேலே நிற்கிறது?

பெரிய மாமா: நல்ல கேள்வி. அந்தச் சேற்றில் காற்றே கிடையாது. அதனால் வெண்கண்டல் மரம் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை மேலே அனுப்பிக் காற்று வாங்குகிறது. சுரபுன்னை கால் அகட்டி நிற்கிற மாதிரி வளைந்த வேர் விடும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீளமாகத் தொங்கும், விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறொரு இடத்தில் வேர் பிடிக்கும். திட்டெல்லாம் தீவாவது இப்படித்தான். குட்டியிடம் முக்கியமாக ஒன்று சொல், எந்தக் கிளையையும் ஒடிக்கக் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான்.

கண்ணன்: சித்தப்பாவின் செருப்பும் இந்நேரம் வேர் விட்டிருக்கும்

சித்தி: 😂😂

அம்மா: ஒற்றைச் செருப்போடு வந்து நின்றானே

சின்ன மாமா: அந்தச் சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. நீங்கள் யாரும் இறங்கவில்லை.

பெரிய மாமா: திட்டிலும் ஈர மணலில் மட்டும் நடக்க வேண்டும். மேட்டில் காய்ந்த மணலில் ஆலாப் பறவைகள் கூடுகூடக் கட்டாமல் முட்டையிடும், மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். நாம் பக்கத்தில் நின்று தாய்ப்பறவை எழுந்துவிட்டால் வெயிலிலேயே முட்டை வெந்துவிடும். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், அம்மாவுக்கும்தான்.

சித்தி: அம்மா போடுவாளா?

அம்மா: நீ சொன்னால் போடுவாள்.

கண்ணன்: அப்பா, உங்கள் கணக்கையே திருப்பிப் பார்த்தேன். ஞாயிறு 12.20-க்கு வற்றம் என்றால் அதற்குப் பிறகு தண்ணீர் ஏறத்தானே செய்யும்? மதியம் 2 மணிக்குத் திட்டு, 3 மணிக்குமேல் ஏறுகிற தண்ணீரோடு காடு, 5.30-க்குக் கரை. அமாவாசை என்பதால் திட்டும் பெரிதாக இருக்கும்.

சின்ன மாமா: சரியாகத்தானே இருக்கிறது

பெரிய மாமா: 2 மணி வெயில். அப்புறம் 2.20-லிருந்து மூன்றாவது மணி, தண்ணீர் வேகம் பிடிக்கும். திட்டுக்குப் பின்பக்கப் பள்ளத்தில்தான் முதலில் ஏறும், நாம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அம்மாவால் அவசரமாக எழுந்து நடக்க முடியாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றும் கிளம்பும்.

கண்ணன்: குடை பிடிக்கிறோம். 2.15-க்கே படகில் ஏறிவிடுகிறோம். நாற்காலியோடு தூக்க நானும் சித்தப்பாவும் போதும்.

பெரிய மாமா: யோசிக்கிறேன்.

சித்தி: கண்ணன் இல்லாமல் அம்மா போக மாட்டாள் அண்ணா. உங்களுக்கே தெரியும்.

மீனா: பாட்டியிடம் கேட்டேன். தாத்தா எப்போதும் இருட்டிலேயே கிளம்புவார் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய அத்தை: அப்போது சனி?

அம்மா: அப்படி அவள் சொல்லவில்லையே அண்ணி.

சின்ன மாமா: இரண்டு நாளையும் படகுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வியாழனுக்குள் ஒன்றை விட வேண்டும். இரண்டு படகு, இரண்டாவது கொஞ்சம் தள்ளி வரட்டும், அம்மாவுக்குச் சத்தம் கேட்காது. செல்வி, நீ அம்மா படகில்.

சித்தி: சரி

சின்ன மாமா: அப்புறம் ஒரு விஷயம். தோணியைத்தான் விற்றேன். அப்பாவின் துடுப்பு என்னிடம்தான் இருக்கிறது.

அம்மா: இவ்வளவு நாளாகச் சொல்லவே இல்லையே

சின்ன மாமா: யாரும் கேட்கவில்லை.

பெரிய மாமா: பரண் மேலா வைத்திருக்கிறாய்? வெடிப்பு இருக்கிறதா பார். நீளத்தை அளந்து சொல், இந்தப் படகுக்கு ஒத்துவருமா என்று பார்க்கிறேன்.

மீனா: மாமா, ஞாயிறா சனியா?