வீடு கைமாறுகிறது, ஹட்டன் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் எங்கள் வீட்டை விற்று உறுதிப் பத்திரமும் எழுதியாயிற்று. மாத முடிவில் சாவி கொடுக்க வேண்டும். வாங்கியவர்கள் கொழும்புப் பக்கத்து வத்தளைக் குடும்பம், மலைநாட்டு ஈரம் அவர்களுக்குப் புதுசு.

பெரிய தலையிடி சுவர்தான். அலுமாரியை நகர்த்தினால் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். தேய்த்துக் கழுவிவிட்டேன், ஆனால் இந்தத் தென்மேல் பருவ மழையில் சுவர் காயவே மாட்டேன் என்கிறது. பெயின்ட் அடிக்கும் பாஸ், "மேலே ஒரு கோட் அடித்தால் தெரியாது" என்கிறார். தெரியாதுதான், கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உரியும். அடிக்காமல், உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகலாமா? ஈரச் சுவருக்கு ஏற்ற பூச்சு ஏதும் உண்டா?

தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து வரும் பொதுக் குழாய். மழை பலத்தால் டேங்கில் செம்மண் இறங்கும், கொய்யாமரத்தடி வால்வைப் பூட்ட வேண்டும். இதைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

சோலைவரி (வீட்டு வரி) கட்டியாயிற்று. மின்சாரக் கணக்கைப் பெயர் மாற்ற நானும் கூடப் போக வேண்டுமா, கடைசி பில் ரசீது போதுமா?

அப்புறம், சாமியறை விளக்கு மாடத்தை உடைக்க வேண்டாம் என்கிறார் அம்மா. வருபவர்கள் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்). அவர்களிடம் கேட்பதா, அப்படியே விடுவதா?