அப்பாவுக்கு மறதி நோய், பொறுமைக்காக எவ்வளவு ஜெபித்தும் மனசு அடங்கவில்லை

தென்காசி மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு மறதி நோய், என்னோடுதான் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், இன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் "இன்னும் சாப்பாடு போடலையா" என்று கேட்கிறார். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போகணும் என்று செருப்பைத் தேடுவார், இதுதான்ப்பா வீடு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ராத்திரித் தூக்கமும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் உள்ளே சுர்ரென்று ஏறுகிறது. சபையில் சொன்னால் "யோபுவைப் போலப் பொறுமையாக இருங்கள்" என்கிறார்கள். காலையில் ஜெபித்து எழுந்திருக்கும்போது இருக்கிற சமாதானம் பத்து மணிக்கு இருப்பதில்லை. விசுவாசம் இருந்தால் சமாதானம் தானாக வரும் என்றால், என் விசுவாசத்தில்தான் குறையா? பிரசங்கம் வேண்டாம், இந்த வழியாகப் போனவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாளை அக்கா:
தங்கச்சி, குறை உன் விசுவாசத்தில் இல்லை. யோபுவை உதாரணம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர் எல்லாவற்றையும் இழந்தும் பொறுத்துக்கொள்கிற முதல் இரண்டு அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். 3-ம் அதிகாரத்தைத் திறந்து பார், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்கப்புறமும் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். அப்படியும் 42-ம் அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அழகழகாகப் புத்தி சொன்ன எலிப்பாஸ் மேலும் அவருடைய இரண்டு சிநேகிதர்கள் மேலும்தான், யோபுவையோ "என் தாசன்" என்றுதான் சொல்கிறார். இந்த மனுஷனைத்தான் யாக்கோபு 5:11 பொறுமைக்கு அடையாளமாகக் காட்டுகிறது. ஆகவே வாயை மூடிக்கொண்டு சகித்துக்கொள்வதுதான் பொறுமை என்று யாராவது சொன்னால் நம்பாதே, மனதில் இருப்பதையெல்லாம் கர்த்தரிடம் கொட்டிவிட்டு அவரை விட்டுப் போகாமல் நிற்பதும் பொறுமைதான், எனக்கு அதுதான் முடிந்தது.

மாமியாரைப் பார்த்துக்கொண்ட வருஷங்களில் 13-ம் சங்கீதத்தை அடுப்படியில் நின்று சத்தமாகப் படிப்பேன். ஆறே வசனம். "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று தாவீது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், உங்கள் அப்பா கேட்கிற மாதிரியே. கர்த்தர் அதற்குச் சலித்துக்கொள்ளவில்லை. அது மனதில் தைத்த பிறகு மாமியார் கேட்ட கேள்விக்கு மறுபடி பதில் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்தது. எல்லா நாளும் அல்ல.

முத்துநகர் அந்தோணி:
சகோதரி, நான் கத்தோலிக்கன், செபமாலை சொல்லி வளர்ந்தவன். முதலில் ஒரு நடைமுறை விஷயம். இந்த நோயில் சாயங்காலப் பதற்றம் பலருக்கும் வரும். "இதுதான் வீடு" என்று வாதாட வேண்டாம், அவர் தேடுவது அநேகமாகச் சின்ன வயதில் இருந்த வீட்டை. "வாங்கப்பா போகலாம்" என்று தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போய், அந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மா பெயர்களையெல்லாம் மறந்தபிறகும் "அருள்நிறை மரியே" என்ற செபத்தை ஒரு சொல் தப்பாமல் சொன்னார். உங்கள் அப்பாவுக்குப் பழைய கீர்த்தனைகள் தெரிந்திருக்கும், அந்த நேரத்தில் சேர்ந்து பாடுங்கள். அவரும் அடங்குவார், உங்களுக்கும் அதுவே செபம் ஆகிவிடும்.

இன்னொன்று. மனம் வறண்டு கிடக்கும் நேரத்தில் புதிதாக எந்தத் தீர்மானமும் எடுக்காதே, தெளிவாக இருந்தபோது எடுத்ததிலேயே நில் என்பது புனித இஞ்ஞாசியார் "ஆன்மிகப் பயிற்சிகள்" என்ற தம் நூலில் தந்த அறிவுரை. "என்னால் முடியாது, எங்கேயாவது கொண்டு விட்டுவிடலாம்", "என் விசுவாசமே பொய்" என்பதெல்லாம் தூக்கமில்லாத ராத்திரிகளில்தான் தோன்றும். அந்த நேரத்துத் தீர்ப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், விடிந்து இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

வார்டு சிஸ்டர்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தூங்காத உடம்பில் பொறுமையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கர்த்தர் பேசுகிற மெல்லிய சத்தம் கேட்பது அதற்கெல்லாம் பிறகுதான். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா? வாரத்தில் இரண்டு ராத்திரி அவர்கள் பார்க்கட்டும். "நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது" என்று மோசேயிடமே மாமனார் சொன்னார், யாத்திராகமம் 18. அப்பாவை டாக்டரிடமும் காட்டுங்கள். குழப்பம் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம், வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே அது வரும்.

தென்காசி மகள்:
எலியாவை வாசித்து அழுதுவிட்டேன். தம்பி சென்னையில் இருக்கிறான், அவனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, இன்றைக்குக் கேட்கிறேன். ஆனால் பத்து மணிக் கேள்வி அப்படியே இருக்கிறதே அக்கா, காலையில் கிடைத்த சமாதானம் ஏன் நிற்பதில்லை?

பாளை அக்கா:
காலையில் ஜெபித்தது காலைக்கு. பிலிப்பியர் 4-ல் "எல்லாவற்றையுங்குறித்து" விண்ணப்பம் பண்ணச் சொல்கிறார் பவுல், அதையும் சிறையில் கட்டுண்டு கிடந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறார். சமாதானம் காக்கும் என்றார், கட்டு அவிழும் என்று சொல்லவில்லை. அதனால் பத்து மணிக்கு அப்பா கேட்கும்போது அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஜெபம் பண்ணு: "ஆண்டவரே, இந்தப் பதிலை நீர் என்னோடு சொல்லும்." நீளமாக வேண்டாம், சாதத்தைத் தட்டில் போடுகிற நேரம் போதும். பதினொன்றுக்குத் திரும்பவும் கேட்டால் திரும்பவும் அதே ஜெபம். தம்பி என்ன சொன்னான் என்று எழுது, வராவிட்டால் உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் கேட்டுப் பார்க்கலாம், மத்தியானம் இரண்டு மணிநேரம் யாராவது வந்து உட்காருவார்கள்.