கேதம் கேட்கப் போகும்போது இதைக் கேட்காதீர்கள்

"கடைசியா என்ன சொன்னாரு?" தற்கொலை நடந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். என் பெரியம்மா மகளை அது என்ன பாடு படுத்தியது என்று கூடவே இருந்து பார்த்தவள் நான்.

2016. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பாதிக்கு மேல் பொய்த்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுடையது கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். நேரடி விதைப்புச் சம்பா ஒரு சாண் வளர்ந்து கருகிப் போச்சு. நகை கூட்டுறவு சங்கத்தில், அதற்கு மேல் கைமாற்று. மார்கழியில் அத்தான் போய்விட்டார். எப்படி என்று எழுத மாட்டேன், அது யாருக்கும் வேண்டாம்.

அவர் கடைசியாகச் சொன்னது, "மாட்டுக்குத் தண்ணி காட்டு, வந்துடறேன்." அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் அக்கா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வந்துடறேன்னு சொன்ன மனுஷன் ஏன் போவாரு? நீ எதாவது சொன்னியா?" என்று ஒரு சித்தி கேட்டார். 2017 ஜனவரி 10-ல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்து, இறந்த 17 விவசாயிகளின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் என்றது அரசு. பணப்பேச்சு வந்ததும் விசாரிக்க வந்தவரும் அதையே கேட்டார். பயிரா, குடும்பத் தகராறா என்று அந்த ஒற்றை வரியில் தேடினார்கள்.

நம் ஊரில் கடைசி வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. 2009-ல் ஈழத் தமிழருக்காக உயிரை விட்ட முத்துக்குமார் விட்டுச்சென்ற கடிதத்தை எத்தனையோ பேர் படித்தோம். 2016 செப்டம்பரில் காவிரிக்காகச் சென்னைப் பேரணியில் உயிரை விட்ட பையன் மன்னார்குடிக்காரன். மேடையில் பெயரைச் சொல்கிறார்கள். பெற்றவள் அதற்கப்புறம் எப்படிச் சோறு தின்றாள், தூங்கினாளா என்று ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. அந்தப் புகழ்ச்சி இன்னொரு பிள்ளையை இழுத்துவிடுமோ என்று எனக்கு இன்றும் பயம்.

அக்காவை மீட்டது எதிர்வீட்டு அப்பாயி. கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு சாயங்காலம் தவறாமல் வந்து உட்காரும். ஒருநாள், "பொண்ணு பாக்க வந்தப்ப அவன் என்ன சட்டைடி போட்டிருந்தான்?" என்றது. அக்கா யோசித்தாள். "அவங்க அண்ணன் சட்டை அப்பாயி. கை தொங்கும். மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டே இருந்தாரு." சிரித்தாள், உடனே அழுதாள். அன்றைக்குத்தான் அத்தான் வீட்டுக்குள் ஆளாகத் திரும்பி வந்தார். வயலிலிருந்து மடியில் நாவற்பழம் கட்டிக்கொண்டு வருவது, இவள் கோபித்தால் மாட்டிடம் போய்ப் புகார் சொல்வது, எல்லாம் பேசினாள்.

செத்தவரைப் பற்றிக் குடையும் நாம், உயிரோடு இருப்பவரிடம் கேட்பதில்லை. அத்தான் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார். சைக்கிளை அண்ணன் மகனுக்குக் கொடுத்திருந்தார். இப்படி மாறிப்போனவரிடம் "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். முயற்சி செய்து பிழைத்தவர் மேல் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது.

போன குறுவையில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ராத்திரி வெகுநேரம் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்காதான் போய்க் கேட்டாள். "ஆமாம்மா" என்றார். தனியே விடாமல் தம்பியை வரவழைத்து, விடிந்ததும் திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். மாத்திரை சாப்பிடுகிறார், நடவுக்கும் வந்தார். அன்று ராத்திரி நாங்கள் கூப்பிட்டது அரசு மருத்துவ உதவி எண் 104. மனநல உதவிக்கென்றே 14416-உம் இருக்கிறது. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.